பட்டியலில் கடைசிப் பெயர்

செந்திலு,

அம்மா எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் என்று ஆரம்பிக்கத்தான் கை போனது. நீ நலமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதவே உட்கார்ந்திருக்கிறேன், அதனால் அந்த வரியை விட்டுவிட்டேன். போனில் பேசியிருக்கலாம். ஆனால் போனில் நான் முதல் வாக்கியத்தை முடிப்பதற்குள் நீ மூன்றாவதுக்குப் பதில் சொல்லிவிடுகிறாய். அந்த வேகத்துக்கு ஈடு கொடுக்க எனக்கு இப்போது தெம்பு இல்லை. காகிதம் குறுக்கே பேசாது. ஐந்தாவது வரைக்கும் படித்தவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள். கையெழுத்தை மட்டும் இதுவரை யாரும் குறை சொன்னதில்லை. படித்துவிட்டு ஒளித்து வைக்காதே. கட்டினவள் சுமதியும் படிக்கட்டும், மகள் கயலும் படிக்கட்டும். பதினாறு வயதுப் பெண்ணுக்கு வீட்டில் நடப்பது தெரியாது என்று நினைக்காதே.

போன மாதம் நீ தனியாக வந்து நாலு நாள் இருந்தாய். மூன்றாம் நாள் மத்தியானம், கத்திரிக்காய்க் குழம்பு ஊற்றிப் பிசைந்த சோற்றை அப்படியே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "எட்டு மாசமா நெஞ்சுக்குள்ள ஒண்ணு இருக்குதும்மா. வலி இல்ல. யாரோ வாசல்ல வந்து நின்னுக்கிட்டு இருக்குற மாதிரி, நான் போயி கதவைத் தொறக்காம இருக்குற மாதிரி" என்றாய். டாக்டரைப் பார்த்தாயா என்று கேட்டேன். ரத்தம் பார்த்தாச்சு, இதயம் பார்த்தாச்சு, ஸ்கேன் எடுத்தாச்சு, எல்லாம் நார்மலு என்றாய். மனசுக்குப் பார்க்கிற டாக்டரிடமும் ஒரு தடவை போனாயாம். "மாத்திரை இப்ப வேணாம், வாரத்துக்கு ஒரு நாள் வந்து பேசுங்கன்னாரு. காரணமே தெரியாம என்னத்தைப் பேசுறது? கண்டுபிடிச்சிட்டு வரேன்னு வந்துட்டேன்" என்றாய். சொல்லிவிட்டுச் சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்புறம் போனைத் திறந்து அந்தப் பட்டியலைக் காட்டினாய். ஓடுகிற மெஷின் நின்றால் எதனால் நின்றது என்று கண்டுபிடிப்பதுதானே உன் வேலை. அதே மாதிரி உன்னையும் எழுதி வைத்திருந்தாய். காபியை இருபது நாள் நிறுத்திப் பார்த்தது, கட்டிலைத் திருப்பிப் போட்டது, கம்பெனியில் வேறு பிரிவு கேட்டு வாங்கியது, கீழ்த்தளத்து வீட்டை விட்டு நாலாவது மாடிக்குப் போனது. ஒவ்வொன்றுக்கும் எதிரே 'இல்லை' என்று போட்டிருந்தாய். "ஒரு சமயத்துக்கு ஒண்ணைத்தாம்மா மாத்தணும். ரெண்டை மாத்திட்டா எதுனால சரியாச்சுன்னு தெரியாமப் போயிடும்" என்று எனக்குப் பாடம் சொன்னாய். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டு போனேன். கடைசி வரியில் சுமதி பெயர் இருந்தது. அதற்கு எதிரே மட்டும் ஒன்றும் போடவில்லை.

"சண்டை எல்லாம் இல்லம்மா. ஒரு மூணு மாசம் தனியா ரூம் எடுத்து இருந்து பாக்கலாம்னு இருக்கேன். சும்மா, பாக்கறதுக்கு" என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். "யோசிச்சு செய்யிப்பா" என்றேன். சொல்லிவிட்டு இன்னொரு கரண்டி சோறு போட்டேன். அந்த நேரத்தில் அதைவிட மோசமான வார்த்தை வேறு ஒன்றை நான் சொல்லியிருக்க முடியாது. யோசிப்பதுதான் உனக்கு வியாதியாகிக் கிடக்கிறது, அதில் நான் வேறு யோசி என்றேன். ஏன் சொன்னேன் தெரியுமா? என் மகன் எதையும் கண்டுபிடித்துவிடுவான் என்று இந்தத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். உன் கணக்கு தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நீ போன ஒரு வாரத்தில் சுமதி போன் செய்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "அத்தை, நான் என்னா தப்பு பண்ணேன்னு சொல்லச் சொல்லுங்க, திருத்திக்கிறேன்னு கேட்டேன். தப்பு ஒண்ணும் இல்ல, மூணு மாசம் நிறுத்திப் பாக்கலாம்னு சொல்றாரு. நான் என்னா காப்பித்தூளா அத்தை?" என்றாள். பதினெட்டு வருஷத்தில் அவள் என்னிடம் கேட்ட கேள்விகளில் எனக்குப் பதில் தெரியாதது இது ஒன்றுதான். வர்ற ஞாயிற்றுக்கிழமை நீ அந்த அறைக்குப் போகப்போவதாகவும் அவள்தான் சொன்னாள்.

இந்தப் பட்டியல் போடும் புத்தி உனக்கு வேலையில் வந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பாய். இல்லை, என்னிடமிருந்து வந்தது. நீ மூன்றாவது படிக்கும்போது ஒரு சாயந்தரம் ஸ்கூல் விட்டு வந்து பையைக்கூடக் கழற்றாமல் நின்று அழுதாய். நான் வேலை முடிந்து அப்போதுதான் உள்ளே நுழைந்திருந்தேன். "எதுக்குடா அழுவுற? காரணம் சொல்லு" என்றேன். தெரியவில்லை என்றாய். "தெரியாம எவனாவது அழுவானா? காரணம் சொல்லு, இல்லன்னா நிறுத்து" என்றேன். நீ கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்து யோசித்தாய். அப்புறம் "வயிறு வலிக்குதும்மா" என்றாய். ஓமத்தண்ணி கொடுத்தேன், குடித்தாய், அழுகையும் நின்றது. சரியாகக் கேட்டோம், சரியாகச் சொன்னான் என்று எனக்குப் பெருமை. அன்றைக்கு உனக்கு வயிறு வலிக்கவில்லை, செந்திலு. நான் விடமாட்டேன் என்று தெரிந்து ஒரு காரணத்தை உண்டாக்கிக் கொடுத்தாய். இது எனக்கு விளங்க இத்தனை வருஷம் ஆனது.

அந்தக் கேள்வியை நான் கம்பெனியிலிருந்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். செராமிக் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை என்பது உனக்குத் தெரியும். சூளையிலிருந்து வந்த பீங்கான் ப்யூஸ் கட்டைகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்லது கணீர் என்று சொல்லும், கீறல் விழுந்தது டொக் என்று சொல்லும். தள்ளிய ஒவ்வொரு கட்டைக்கும் நோட்டில் காரணம் எழுத வேண்டும். விரிசல், வளைவு, கறை, ஊசித்துளை. அங்கே வேலை செய்த பெண்களில் தடங்கலில்லாமல் எழுதத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அந்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும்போது எனக்கு ஒரு நிமிர்வு இருந்தது, அதை மறைக்கவில்லை.

ஒரு மழைக்காலத்தில் ஒரு விசித்திரம் நடந்தது. சூளையிலிருந்து முழுசாக வந்து, தட்டினால் கணீர் என்று சொன்ன கட்டைகள், அடுக்கி வைத்த இரண்டாம் நாள் தானாகவே விரிந்தன. மண்ணை மாற்றிப் பார்த்தார்கள். தண்ணீரை மாற்றினார்கள். அச்சையெல்லாம் புதிதாக வார்த்தார்கள். எதுவும் உதவவில்லை. நான் காரணம் எழுதுகிற கட்டத்தை வெறுமனே விட்டேன். சூப்பர்வைசர் வந்து நோட்டைப் பார்த்துவிட்டு, "என்னாம்மா இது, பாதி நோட்டு வெள்ளையா கெடக்குது? காரணம் இல்லாம எதுவும் ஒடையாது. ஒனக்குத் தெரியலன்னா சொல்லு, தெரிஞ்சவங்களை ஒக்கார வைக்கிறேன்" என்றார். அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது.

கட்டைகளைப் பலகையில் அடுக்கித் தலையில் வைத்துச் சூளைக்குக் கொண்டு போகிறவள் ரோஸ்மேரி. கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பஸ்ஸில் வருவாள். வேகமாக நடப்பாள், நடந்துகொண்டே பேசுவாள், பேசிக்கொண்டே சிரிப்பாள். ஒரு நாள் அவள் பலகை கதவு நிலையில் லேசாக இடித்ததைப் பார்த்திருந்தேன். அது போதும் என்று நினைத்தேன். 'தூக்கும்போது அடி' என்று எழுதினேன். மறுநாளும் எழுதினேன். கட்டங்கள் நிறைந்தன, நோட்டு பார்க்க நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் ரோஸ்மேரியை நிறுத்திவிட்டார்கள். சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு போகும்போது என்னிடம் வந்து, "என்னா காரணம்னு ஒனக்காவது தெரியுமா அக்கா?" என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது என்றேன். அவள் போன பிறகும் கட்டைகள் விரிந்துகொண்டுதான் இருந்தன. ஒன்றரை மாதம் கழித்து, யாரும் எதையும் மாற்றாத ஒரு வாரத்தில், தானாக நின்றது. இன்றுவரை ஏன் என்று யாருக்கும் தெரியாது. ஆனால் சூப்பர்வைசர் சொன்னார், "பாத்தியா, ஆளை மாத்தினதும் சரியாயிடுச்சு." நானும் தலையாட்டினேன்.

இதை உன் அப்பாவிடம்கூட நான் சொன்னதில்லை. உன்னிடம் இப்போது சொல்வது மன்னிப்புக்கு இல்லை. காலியாக ஒரு கட்டம் இருந்தால் மனுஷக் கை சும்மா இருக்காது. பக்கத்தில் எந்தப் பெயர் நிற்கிறதோ அதை எழுதிவிடும். என் பக்கத்தில் ரோஸ்மேரி நடந்து போய்க்கொண்டிருந்தாள். உன் பக்கத்தில் சுமதி இருக்கிறாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். உனக்கு வந்தது எனக்கும் வந்தது. முட்டி போய் நான் வேலையை விட்ட மறு வருஷம். குறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. நீ சம்பாதிக்கிறாய், கயல் பிறந்துவிட்டாள், ஒழுகின கூரையை எடுத்துவிட்டுத் தளம் போட்டாயிற்று. அப்போதுதான் வந்தது. காலையில் கண் விழித்ததும், எதையோ செய்யாமல் விட்டுவிட்ட மாதிரி. அடுப்பை அணைத்தேனா, கதவைச் சாத்தினேனா என்று போய்ப் பார்ப்பேன். எல்லாம் சரியாக இருக்கும். சரியாக இருப்பதைப் பார்த்தால் இன்னும் அதிகமாகும். நானும் உன்னைப் போலத்தான் செய்தேன். பிரஷர் மாத்திரை என்று நினைத்து மாற்றினேன். கொல்லையில் இருந்த முருங்கையை வெட்டச் சொன்னேன். அப்புறம் உன் அப்பாவின் இருமல் என்று முடிவு கட்டினேன். "ஒங்க இருமலு என்னைத் தூங்க விடல, கொஞ்ச நாளு முன்னால கூடத்துல படுங்க" என்றேன். அவர் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

அதற்கும் சரியாகவில்லை என்று கொளஞ்சியப்பர் கோயிலுக்குப் பிராது கட்டப் போனேன். ஊர் உலகமெல்லாம் அங்கே வந்து, தனக்கு அநியாயம் செய்தது யார், என்ன போனது என்று சீட்டில் எழுதிச் சாமியிடம் முறையிட்டுவிட்டுப் போகிறது. அங்கே உட்கார்ந்து எழுதிக் கொடுக்கிறவர், "யாரு மேலம்மா பிராது?" என்றார். யார் மேலும் இல்லைங்க என்றேன். "எதுனா தொலைஞ்சு போச்சா?" தொலையலைங்க. "நெலத் தகராறு?" இல்லைங்க. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "எதிராளி இல்லாம கேஸு நிக்காதும்மா. சாமிக்குந்தான் என்னா தெரியும்?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. எனக்கே எழுதத் தெரியும் என்று சீட்டை வாங்கிக்கொண்டு தூணோரம் உட்கார்ந்தேன். வெறும் சீட்டு. பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் ரோஸ்மேரி ஞாபகம் வந்தது. எதிராளி நான்தான், நான் செய்த பாவம்தான் என் நெஞ்சில் உட்கார்ந்திருக்கிறது என்று பளிச்சென்று தெரிந்த மாதிரி இருந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று எனக்கு அத்தனை சந்தோஷம். அங்கிருந்தே கருவேப்பிலங்குறிச்சி பஸ் ஏறிவிட்டேன்.

ரோஸ்மேரி வீட்டைக் கண்டுபிடிக்கக் கஷ்டப்படவில்லை, சர்ச்சுக்குப் பின்னால் என்று அவளே முன்பு சொல்லியிருந்தாள். மணிலாக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். உடம்பு பெருத்திருந்தது. நடந்ததை எல்லாம் சொன்னேன். நோட்டை, நான் எழுதியதை, தெரியாது என்று பொய் சொன்னதை. அவள் கை நிற்காமல் உரித்துக்கொண்டே கேட்டாள். "அதுக்கா பஸ்ஸு ஏறி வந்த? அன்னைக்கே எனக்குத் தெரியும்க்கா. அங்க எழுதத் தெரிஞ்சது நீ ஒருத்திதானே. வேற எவ எழுதியிருப்பா?" என்றாள். "ஒரு வருஷம் ஒன்னைத் திட்டாத நாள் இல்ல. அப்புறம் பெரியவளுக்குக் கல்யாணம் வந்துச்சு, திட்ட நேரமில்லாமப் போச்சு. இந்தா, சும்மா ஒக்காந்திருக்காம உரி" என்று ஒரு முறத்தை என் பக்கம் தள்ளினாள். சாயந்தரம் வரைக்கும் உரித்தேன். கருவாட்டுக் குழம்பு போட்டாள். திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு உடம்பே லேசாக இருந்தது. தீர்ந்தது என்று நினைத்தேன்.

மறுநாள் காலை கண் விழித்தேன். அது அப்படியே இருந்தது. ஒரு நூல்கூட நகரவில்லை.

அவளிடம் போனது சரிதான். அது என்றைக்கோ செய்திருக்க வேண்டிய காரியம். ஆனால் அந்தப் பாவத்துக்கும் இந்தக் கலக்கத்துக்கும் சம்பந்தம் இல்லை. எனக்குக் கிடைத்ததிலேயே நல்ல காரணம் அது. அதுவும் பொய்யாய்ப் போன அன்றைக்கு நான் சோர்ந்துவிட்டேன். இனிமேல் தேட எனக்குத் தெம்பு இல்லை என்று அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தேன். உன் அப்பா பல் விளக்கிவிட்டு வந்து நின்றார். "நான் கூடத்துக்குப் போயி நாலு மாசம் ஆவுது. ஒனக்குத் தூக்கம் வந்துச்சா?" என்றார். வரவில்லை என்றேன். "அப்ப நான் இல்ல அது. பாயை உள்ள போடு, அங்க கொசு புடுங்குது" என்றார். அவ்வளவுதான். ஏன் அனுப்பினாய் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகும் அது என்னோடு ஒன்றரை வருஷத்துக்கு மேல் இருந்தது. அவரும் இருமிக்கொண்டு பக்கத்தில் இருந்தார். சில நாள், "இன்னைக்கும் இருக்குதா?" என்பார். இருக்குது என்பேன். "சரி, டீ போடு" என்பார். எப்போது போனது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் நினைத்துப் பார்த்தேன், கொஞ்ச நாளாகவே இல்லை. முழுசாகப் போய்விட்டது என்றும் சொல்லமாட்டேன். இப்போதும் எப்போதாவது வரும்.

அந்த நாலு மாசத்தை நினைத்தால்தான் எனக்கு மனசு ஆறவில்லை. அதற்குப் பிறகு அவர் உயிரோடு இருந்த வருஷங்களே கொஞ்சம் என்று அப்போது எனக்குத் தெரியாது. எதையும் கண்டுபிடிக்காத ஒரு சோதனைக்கு அதில் நாலு மாசத்தை எடுத்துக் கொடுத்தேன். ஆனாலும் அவர் பாயைத் தூக்கிக்கொண்டு தானாகத் திரும்பி வருகிற மனுஷர். சுமதி அப்படி இல்லை. அவள் என்னைப் போல ரோஷக்காரி. நீ மூன்று மாசம் கழித்துப் பட்டியலில் 'இல்லை' என்று போட்டுவிட்டு வந்து நின்றால், அவள் கதவைத் திறப்பாள், சோறு போடுவாள், ஆனால் தன்னை நிறுத்திப் பார்த்தவனோடு இருக்கிறோம் என்பது அவளுக்குச் சாகிறவரைக்கும் போகாது. மெஷினில் ஒரு பாகத்தைக் கழற்றி வைத்துவிட்டு மறுபடி மாட்டலாம். அதற்கு ஞாபகம் கிடையாது.

அந்த டாக்டரிடம் திரும்பப் போ. காரணம் தெரியாமலே போய் உட்கார். தெரியவில்லை என்பதையே அவரிடம் சொல். வீட்டிலும் அதையே சொல். சுமதி என்ன ஆச்சு என்று கேட்டால், "தெரியல, இன்னைக்கும் இருக்குது" என்று சொல்லிப் பார். அந்தப் பதிலை ஒருநாளும் உன்னைச் சொல்ல விடாதவள் நான். அதற்குத் தண்டனை என்றால் எனக்குத்தான் வர வேண்டும், அவளுக்கு இல்லை. இது வேலை செய்யுமா என்று என்னைக் கேட்காதே. வேலை செய்யும் என்று நான் சொல்லவில்லை. எனக்குச் செய்ததா என்பதே எனக்குத் தெரியாது.

எழுதி எழுதி விரல் மரத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் நான் வருகிறேன். முட்டி வலிக்கும், பரவாயில்லை, கயல் தாம்பரத்துக்கு வந்து கூட்டிப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். நான் வந்து இறங்குவது நாலாவது மாடி வீட்டில், சுமதியிடம். உன் அறை எங்கே இருக்கிறது என்று யாரிடமும் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு நாலு பேருக்கு உலை வைக்கச் சொல்லி அவளிடம் சொல்லிவிட்டேன்.

அம்மா